கினபாலு காட்டில் டிரைலோபைட் வண்டு: இது புழுவா, வளர்ந்த பெண்ணா?

சருகுப்பாதை

வணக்கம். போர்னியோ தீவின் சபாவில் கினபாலு பூங்காத் தலைமையகத்தைச் சுற்றியுள்ள காட்டில், சிலாவ்-சிலாவ் ஓடையை ஒட்டிப் போகும் பாதையில் இருக்கும் ஒரு பூச்சியைப் பற்றிக் கேட்கிறேன். உயரம் சுமார் 1,500 மீட்டர். நேரம் காலை 7.40, இரவு முழுக்க மழை. பாதையோரம் ஒரு மரக்கட்டை, விழுந்து பல வருடம் ஆகியிருக்க வேண்டும், மேலெல்லாம் பாசி. பூச்சி அதன் நிழல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து அளந்ததில் நீளம் 52 மி.மீ., அகலமான இடத்தில் 19 மி.மீ. முன்பகுதியில் கேடயம் போல மூன்று பெரிய தகடுகள். அதற்குப் பின்னால் உடம்பு சட்டென்று ஒடுங்கி வாலாக நீள்கிறது. வாலின் இரண்டு பக்கமும் விரல் விரலாக நீட்டல்கள். நிறம் கறுப்பு, தகட்டு ஓரங்களில் ஆரஞ்சு முண்டுகள். கால் ஆறு. தலை தெரியவில்லை. நடக்கும்போது மட்டும் முதல் தகட்டுக்கு அடியிலிருந்து ஆமைத் தலை மாதிரி ஒரு சின்ன முனை எட்டிப் பார்க்கிறது, நிழல் பட்டதும் உள்ளே போய்விடுகிறது.

டிரைலோபைட் வண்டு என்ற பெயர் வரைக்கும் தெரியும். புழுவும் வளர்ந்த பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும் என்கிறார்கள், எப்படிப் பிரிப்பது? என்ன சாப்பிடும்? கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, அது உருமாறுவதைப் படமெடுக்க முடியுமா? ஆண் வண்டைப் பார்க்க என்ன வழி? வியாழக்கிழமை வரை இங்கேதான் தங்கல். கட்டை எந்த இடத்தில் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

கட்டைக்கடியில்

நல்ல விவரம் கொடுத்திருக்கிறீர்கள், பேரினம் வரைக்கும் தயங்காமல் சொல்லலாம். லைசிடே என்ற வலைச்சிறகு வண்டுக் குடும்பம், பிளாட்டெரோட்ரைலஸ் பேரினம். கினபாலு என்பதால் பாரடாக்ஸஸ் என்ற இனத்தைத்தான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் முதுகுப் படத்தை மட்டும் வைத்து இனப்பெயர் எழுதாதீர்கள். முண்டுகளின் நிறம் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும்.

பழைய கட்டுரைகளில் தேடும்போது துலிட்டிகோலா என்ற பெயரையும் போட்டுத் தேடுங்கள். இதே வண்டுதான். சரவாக்கின் டுலிட் மலைப் பெயரை வைத்து அமைந்த அந்தப் பேரினப் பெயர் இப்போது வழக்கில் இல்லை.

புழுவா பெண்ணா என்பது பல வருடம் யாருக்கும் பிடிபடாத கேள்வி. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்த உருவங்களை, பெர்ட்டி என்ற விலங்கியலாளரின் பெயரால் ‘பெர்ட்டியின் புழுக்கள்’ என்று சேகரித்து வந்தார்கள். எத்தனை கிடைத்தாலும் எல்லாம் புழுவாகவே இருந்தன, வண்டாக மாறிய ஒன்றுகூட இல்லை. கூச்சிங்கில் சரவாக் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் எரிக் மியோபெர்க்தான் 1925-இல் முடிச்சை அவிழ்த்தார். பெண் உருமாறுவதே இல்லை. கூட்டுப்புழு ஆகாமல், சிறகு முளைக்காமல், புழு வடிவத்திலேயே இனமுதிர்ச்சி அடைந்து முட்டை இடுகிறது. ஆண் மட்டும் கூட்டுப்புழுவாகிச் சாதாரண வண்டாகப் பறக்கிறது. பெண் 40 முதல் 80 மி.மீ. வரை போகும், ஆண் 8, 9 மி.மீ.தான். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பவர்கள் ஒரே இனம் என்று ஊகிக்க வழியே இல்லை.

ஆகவே 52 மி.மீ. என்ற அளவு ஒன்றைத்தான் சொல்கிறது: இது பெண் பாலைச் சேர்ந்தது. ஆணாக வேண்டிய புழு இந்த அளவுக்கு வளராது. ஆனால் வளர்ந்து முடித்த பெண்ணா, இன்னும் தோல் உரிக்க வேண்டிய புழுவா என்று நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது. அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். வளர்ந்த பெண்ணுக்கு வயிற்றின் கடைசிக்கு முந்தின கண்டத்தின் (வளையத்தின்) அடிப்பக்கம் இனப்பெருக்கத் துளை இருக்கும், புழுவுக்கு அந்த இடம் மூடிய தகடாக இருக்கும். வெளியில் தெரியும் நம்பகமான வித்தியாசம் இது ஒன்றுதான்.

இதற்காகப் பூச்சியைத் தூக்கிப் புரட்ட வேண்டாம். சுமார் 15 செ.மீ. நீளமுள்ள தெளிவான பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து, உள்பக்கத்தை ஓடைத் தண்ணீரில் நனைத்து, அது போகும் திசையில் கட்டையோடு ஒட்டினாற்போல வையுங்கள். தானாக ஏறிவிடும். மூடியைக் கண் உயரத்துக்குத் தூக்கி அடியிலிருந்து பாருங்கள். 10 மடங்கு கைலென்ஸ் போதும். கைப்பேசி என்றால் இரண்டு மடங்கு ஜூம் வைத்து 10 செ.மீ. தள்ளி நின்று எடுங்கள், ரொம்பக் கிட்டே போனால் லென்ஸின் நிழல் வயிற்றின் மேல் விழுந்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம், ஈரப் பிளாஸ்டிக்கில் பட்டு வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் தகடுகளின் விளிம்பு நன்றாக எடுக்கும். இரண்டு நிமிடத்துக்குள் வேலையை முடித்து, எடுத்த அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.

மின்மினி_கோலாகங்சார்

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். இது மின்மினிக்கு உறவுக்காரக் குடும்பம். மின்மினிப் புழு நத்தையைக் கடித்து, நஞ்சைச் செலுத்திக் கரைத்து உறிஞ்சும். இதுவும் அப்படித்தான் என்று பழைய நூல்களில் இருக்கிறது. தொட்டியில் 10 செ.மீ. உயரத்துக்கு மட்கிய கட்டைத்தூள், மேலே பாசி, வாரத்துக்கு இரண்டு சின்ன நத்தை போட்டால் தாக்குப்பிடிக்கும் என்று நினைக்கிறேன். வளர்ப்புப் பக்கங்களிலும் இதே முறைதான் சொல்கிறார்கள்.

கட்டைக்கடியில்

நண்பரே, நத்தை விஷயம் தவறு. உறவை வைத்து உணவை ஊகித்த காலத்தில் எழுதியது அது, பிறகு புத்தகத்துக்குப் புத்தகம் அப்படியே போய்விட்டது.

வாயைப் பார்த்தாலே தெரியும். மின்மினிப் புழுவின் தாடை அரிவாள் மாதிரி வளைந்து, கடிக்கிற வேலைக்கென்றே அமைந்தது. வலைச்சிறகு வண்டின் புழுவுக்குத் தாடைகள் மெல்லியவை, ஒவ்வொரு தாடையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வேறு வண்டுப் புழுக்களில் இந்த அமைப்பைப் பார்ப்பது அரிது. நத்தையின் சதையைப் பிய்க்க இதனால் முடியாது. மட்கும் மரத்தில் ஊறி நிற்கும் சாற்றையும், அதில் வளரும் பூஞ்சை, ஸ்லைம் மோல்டு, நுண்ணுயிர் எல்லாம் கலந்த கூழையும் உறிஞ்சத்தான் இந்த வாய். தலை அவ்வளவு சிறியதாக இருப்பதும் அதனால்தான், உள்ளே பெரிய தாடைத் தசைக்கு இடமே இல்லை.

தொட்டியில் நத்தையைப் போட்டால் நத்தை அதன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும். புழு ஒரு மூலையில் அசையாமல் கிடக்கும். பார்ப்பவர் ‘வயிறு நிறைந்து ஓய்வெடுக்கிறது’ என்று நினைப்பார். உண்மையில் அது பட்டினி. இவ்வளவு மெதுவாக வாழும் உயிர் வாரக்கணக்கில் பட்டினி தாங்கும், அதனாலேயே வளர்ப்பவருக்குத் தவறு தெரிவதில்லை. பின்னால் வாலோரம் சுருங்க ஆரம்பிக்கும்போதுதான் தெரியும், அதற்குள் காரியம் கைமீறியிருக்கும்.

பாசிக்கல்

வளர்ப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘நான் சரியாகச் செய்தால் பிழைக்கும்’ என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் தொட்டி வாங்குகிறார்கள்.

முதல் தடை சட்டம். கினபாலு பூங்காவுக்குள்ளிருந்து எந்த உயிரையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆராய்ச்சிக்கு எடுப்பவர்கள்கூட, பூங்கா அனுமதியோடு சபாவின் 2000-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் உரிமம் வாங்க வேண்டும். சிங்கப்பூர் இயற்கைக் காப்பகங்களிலும் எடுப்பதற்குத் தடை உண்டு.

இரண்டாவது வெப்பம். 1,500 மீட்டரில் இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். கோலாலம்பூர் வீட்டில் மதியம் 32, 33. குளிர்சாதனத்தைப் போட்டால் சூடு குறையும், கூடவே காற்றிலுள்ள ஈரமும் போய்விடும். ஈரத்துக்காகத் தொட்டியை மூடினால் காற்றோட்டம் நின்று, இரண்டு மூன்று நாளில் கட்டைமேல் வெள்ளைப் பூசணம் படரும். மூடியைத் திறந்தால் காய்கிறது, மூடினால் பூசணம் பிடிக்கிறது. காட்டில் இந்தப் பிரச்சினை இல்லாததற்குக் காரணம் கட்டையின் பருமன். 40, 50 செ.மீ. குறுக்களவுள்ள கட்டை கடற்பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். தொட்டிக்குள் போடும் கைப்பிடித் துண்டுக்கு அந்தச் சக்தி கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியம். அது உறிஞ்சுவது உயிரோடு வேலை நடந்துகொண்டிருக்கும் மரத்தை. வெட்டி எடுத்து வந்த துண்டில் பூஞ்சைகளின் சமநிலை சில நாளிலேயே மாறிவிடும். பார்க்க அதே பழுப்புத் துண்டுதான், ஆனால் அதற்குத் தேவையான சாறு அதில் இருக்காது.

சருகுப்பாதை கேட்ட ‘உருமாறுவதைப் படமெடுப்பது’ இதில் நடக்கவே நடக்காது. 52 மி.மீ. உள்ளது பெண் பால், அதற்கு உருமாற்றமே இல்லை. அதிகபட்சம் ஒரு தோலுரிப்பைப் பார்க்கலாம், முன்னும் பின்னும் ஒரே உருவம்தான். அதைக் கட்டையிலேயே விட்டுவிட்டு, நீங்கள் தங்கும் நாள்களில் தினமும் இரண்டு வேளை போய் இடத்தைக் குறித்து வாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை செ.மீ. நகர்கிறது, மழைக்குப் பின் மேலே வருகிறதா, வெயில் ஏறினால் அடிப்பக்கம் போகிறதா என்று மூன்று நாள் எழுதினாலே, தொட்டிப் படங்கள் நூறை விட அது மேலானது. தனித்தனியாக அடையாளம் காண மை, பெயின்ட் எதுவும் தடவ வேண்டாம். தகட்டு ஓர முண்டுகளில் ஒன்றிரண்டு உடைந்தோ நிறம் மங்கியோ இருக்கும், அந்த அமைப்பைப் படத்தில் ஒப்பிட்டாலே போதும்.

வால்பாறை_மழை

இடையில் ஒரு கேள்வி. ஆனைமலைப் பக்கம் சோலைக்காட்டிலும் இதே மாதிரி தட்டையான, பக்கத்தில் நீட்டல்கள் உள்ள புழு உளுத்த கட்டைகளில் இருக்கிறது. அளவு 30 மி.மீ.க்குள். அதையும் பிளாட்டெரோட்ரைலஸ் என்று எழுதலாமா?

கட்டைக்கடியில்

எழுத வேண்டாம் சார். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த மாதிரி பார்ப்பது பெரும்பாலும் லைரோபேயஸ் பேரினம், இலங்கையிலும் உண்டு. அதே லைசிடே குடும்பம், ஆனால் வேறு கிளை. மார்புத் தகடுகளின் அகலத்தைப் பாருங்கள். போர்னியோ பூச்சிக்கு முன் மூன்று தகடுகளும் வயிற்றைவிட மிக அகலம், தோள் விரிந்து இடுப்பு ஒடுங்கின மாதிரி இருக்கும். உங்கள் ஊர்ப் புழுவில் முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியாது. மேலிருந்து நேராக ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் தனி இழையில் போடுங்கள்.

சருகுப்பாதை

எல்லோருக்கும் நன்றி. தொட்டி எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன்.

மூடி முறை வேலை செய்தது. ஏற 6 நிமிடம் ஆனது. அடியிலிருந்து 11 படம். கடைசிக்கு முந்தின கண்டத்தில் தகடு முழுசாக, வழவழப்பாக இருக்கிறது, துளையோ பிளவோ தெரியவில்லை. இடம்: நேற்று காலை பார்த்த புள்ளியிலிருந்து 34 செ.மீ. தள்ளி, கட்டையின் அதே பக்கம். கட்டையின் குறுக்களவு 46 செ.மீ. உதிர்ந்து கிடந்த தூளை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. மூடியில் நடந்த இடத்தில் வாசனை எதுவும் இல்லை.

இன்னொன்று. அதே கட்டையின் மறுமுனையில் 14 மி.மீ. நீளத்தில் இதே உருவம் ஒன்று இருந்தது, முண்டுகள் வெளிர் மஞ்சள். இது ஆண் புழுவா?

பாசிக்கல்

துளை இல்லையென்றால் புழுதான், இன்னும் வளர வேண்டியது. தெளிவான படங்கள், அவற்றை அழித்துவிடாதீர்கள். அடிவயிறு தெரியும் படங்கள் இணையத்தில் மிகக் குறைவு, முதுகுப் படங்கள்தான் குவிந்து கிடக்கின்றன.

14 மி.மீ. உள்ளதைப் பற்றி எதுவும் உறுதியாக எழுத வேண்டாம். அது ஆணாகப் போகும் புழுவாகவும் இருக்கலாம், பெண்ணாகப் போகும் இளம்புழுவாகவும் இருக்கலாம். இந்தக் கட்டத்தில் இரண்டும் வெளியே ஒன்றுபோலத்தான். குறிப்பில் ‘புழு, 14 மி.மீ., பால் தெரியாது’ என்று எழுதினால் போதும். அதே கட்டையில் இருந்தது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பறக்காத தாய் முட்டையிட்ட இடத்தைச் சுற்றித்தான் குஞ்சுகள் பரவ முடியும்.

இந்தப் பூச்சியின்மேல் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததும் அதனால்தான். பெண்ணுக்குச் சிறகு இல்லை, ஒரு நாள் நடை 34 செ.மீ. இப்படிப்பட்ட இனம் புதிய இடத்துக்குப் போவது தலைமுறை தலைமுறையாக, கட்டைக்குக் கட்டை தாவித்தான். இடையில் ஒரு செம்பனைத் தோட்டமோ பால்மர (ரப்பர்) தோட்டமோ வந்துவிட்டால், நிழலும் விழுந்த கட்டையும் இல்லாத அந்த அரைக் கிலோமீட்டரை அதனால் கடக்க முடியாது. ஆண் பறந்து போகலாம், ஆனால் பெண் இல்லாத இடத்தில் ஆண் இனத்தைத் தொடங்க முடியாது. ஆகவே இந்தப் பேரினத்தின் இனங்கள் பல, சின்னச் சின்ன நிலப்பரப்புக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. ஒரு மலையில் அழிந்தால் பக்கத்து மலையிலிருந்து வந்து நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது. பாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று பழைய கட்டைகளை இழுத்துப் போட்டு எரிப்பதுதான், மரம் வெட்டுவதற்கு அடுத்தபடியாக, இவற்றுக்கு நடக்கும் பெரிய கேடு. உளுத்த கட்டை குப்பை இல்லை.

மின்மினி_கோலாகங்சார்

நத்தை விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி, என் பதிவை யாரும் பின்பற்ற வேண்டாம்.

கட்டை புரட்டுவது பற்றி ஒரு வார்த்தை. பூங்கா அல்லாத, அனுமதி உள்ள இடங்களில் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். கட்டையைத் தள்ளாதீர்கள், உங்கள் பக்கமாக இழுத்து உருட்டுங்கள். அடியில் பாம்போ தேளோ பூரானோ இருந்தால் கட்டை நடுவில் தடுப்பாக நிற்கும், அது எதிர்ப்பக்கம் ஓடும். பார்த்து முடித்ததும் மண்ணில் பதிந்திருந்த அதே பள்ளத்தில் கட்டையைத் திரும்ப வையுங்கள். அரை அங்குலம் தள்ளி வைத்தாலும் அடியில் காற்று புகுந்து காய்ந்துவிடும்.

பாசிக்கல்

ஆமாம், பூங்காவுக்குள் உருட்டவே வேண்டாம். பாதையிலிருந்து கையெட்டும் தூரத்தில் உள்ள கட்டைகளைப் பக்கவாட்டில் பார்த்தாலே போதும். மழை விட்ட காலையில் அவை தாமாக வெளியே வரும்.

கட்டைக்கடியில்

விட்டுப்போன கேள்வி ஆண் வண்டு. வியாழனுக்குள் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் சிறகு. மேல்சிறகு இரண்டும் மற்ற வண்டுகளைப் போல ஓடு மாதிரி கெட்டியாக இராது, மெல்லிய தோல் போல வளையும். நீளவாக்கில் வரப்புகள், குறுக்கே சின்னச் சின்னக் கம்பிகள், இரண்டும் சேர்ந்து கட்டம் கட்டமாக வலை தெரியும். குடும்பத்துக்கே வலைச்சிறகு என்று பெயர் வந்தது இதனால். அந்த வரப்புகளை அழுத்தினால் உடைந்து திரவம் கசியும், கசப்பும் நாற்றமும் உள்ளது. குருவிகள் ஒரு தடவை கொத்தினால் மறக்காது. உலகில் சுமார் 4,600 இனங்கள் உள்ள இந்தக் குடும்பத்தில் பலவும் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு என்று எடுப்பான நிறத்தில் இருப்பது ‘நான் கசப்பேன்’ என்று முன்கூட்டியே சொல்லத்தான். வேறு குடும்பத்து வண்டுகளும் அந்துப்பூச்சிகளும் இதே நிறத்தில் வேஷம் போடும். நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், வலை இருக்கிறதா என்று பாருங்கள்.

8, 9 மி.மீ. வண்டு, இடுப்பு உயரத்துக்குள் இருக்கும் செடிகளின் இலை அடியில் உட்கார்ந்திருக்கும். வெள்ளைத் துணியையோ குடையைத் தலைகீழாகவோ கிளைக்கு அடியில் பிடித்து, குச்சியால் மெதுவாக இரண்டு தட்டு தட்டினால் விழும். பூங்காவில் இதற்கும் முன்கூட்டிக் கேட்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் கூடார வடிவ மலேஸ் வலையை ஓடையோரம் கட்டி, சேகரிப்புக் குப்பியில் 96 சத ஆல்கஹால் வைத்துப் பிடிக்கிறார்கள். ஆண்கள் கிடைத்தாலும் எந்தப் பெண்ணுக்கு எந்த ஆண் என்று கண்ணால் பொருத்த முடியாது. மைட்டோகாண்ட்ரியா மரபணுவை ஒப்பிட்டுத்தான் புழுவையும் ஆணையும் சேர்க்கிறார்கள். இந்தப் பேரினத்தை மறுஆய்வு செய்து 2014-இல் வெளிவந்த மாசெக், போசாக் கட்டுரையும் அந்த வழியில்தான் போனது.

உங்களுக்கு மீதி இருக்கும் இரண்டு காலையில் ஒரு வேலை செய்யலாம். பெரிய புழுக்களையே பார்த்துக்கொண்டிருக்காமல், ஒவ்வொன்றின் முதுகையும் வால்நுனியையும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மியோபெர்க்கின் புதிர் அவிழ்ந்ததே பெண்ணோடு ஆண் சேர்ந்திருந்த காட்சியால்தான். வால் நுனியில் அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக, கறுப்பாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் தூசி என்று ஊதிவிடாதீர்கள். டார்ச்சை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, உடனே வீடியோவைப் போடுங்கள். கை நடுங்கினால் முழங்கையைக் கட்டைமேல் ஊன்றாமல் உங்கள் முட்டியில் ஊன்றிக்கொள்ளுங்கள், கட்டை அசைந்தால் ஆண் பறந்துவிடும்.